எழுத்து அழியாத பவர் பேங்க்

இதற்கு முன் வைத்திருந்த பவர் பேங்க் மூன்றாண்டுகள் நன்றாகவே உழைத்தது. பைக்குள் சாவிக்கொத்தோடு உரசி உரசி அதன் பின்பக்க எழுத்துகள் தேய்ந்துபோனதை மட்டும் நான் கவனிக்கவில்லை. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் இருந்த பெண் அதிகாரி அதை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "எத்தனை வாட்-மணி என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்று என்னிடம் நீட்டினார். வாட்-மணி என்பது பேட்டரிக்குள் அடங்கும் மின்னாற்றலின் அளவு. ஒரு 7 மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அதை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறினேன். அவர் செய்தது முற்றிலும் சரி. அளவு தெரியாத பேட்டரியை நம்பி அவர் எப்படி உள்ளே விடுவார்?

அதனால் இப்போது வைத்திருக்கும் 20,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) பவர் பேங்கை வாங்கும்போது முதலில் திருப்பிப் பார்த்தது அதன் முதுகைத்தான். எழுத்துகள் மையால் அச்சிட்டவை அல்ல. அலுமினிய உடலில் லேசரால் செதுக்கியவை. நகத்தால் வருடினால் 74 என்ற எண்ணின் விளிம்பு தட்டுப்படுகிறது. ஓராண்டாக மாதம் இரண்டு பயணங்கள். இன்னும் ஒரு கோடுகூட மங்கவில்லை.

அந்த 74 எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு பயணியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் லித்தியம் செல்கள் என்ற சிறு பேட்டரிகளின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். 20,000 எம்.ஏ.எச். என்பது 20 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 74 வாட்-மணி. விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுபோக உச்ச வரம்பு 100. 27,000 எம்.ஏ.எச். என்றால் 99.9, வரம்புக்குள் தப்பித்துவிடும். 30,000 என்றால் 111. விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணியின் பையில் இடமே இல்லை. தயாரிப்பாளர்கள் பெட்டியின் முன்பக்கத்தில் எம்.ஏ.எச். எண்ணை மட்டும் பெரிதாகப் போடுவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. சோதனையில் கேட்கப்படுவது வாட்-மணி எண்.

செக்-இன் பெட்டியில் இதை ஏன் வைக்கக் கூடாது என்று பலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு செல் கட்டுமீறிச் சூடானால் பக்கத்துச் செல்லையும் பற்றவைக்கும். சரக்கு அறையில் உள்ள ஹாலோன் என்ற தீயணைப்பு வாயு தீச்சுடரை அடக்கும். செல்லுக்குள் ஏறும் சூட்டைத் தணிக்காது. கேபினில் என்றால் பணியாளர்கள் உடனே பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் தரையில் நின்றபடியே எரிந்தது. உள்ளே இருந்த அனைவரும் உயிர் பிழைத்தார்கள். பவர் பேங்க் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. அந்த ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து அந்நாட்டு விமானங்களில் இதைத் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கக் கூடாது. கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். எந்த நாட்டு விமானமானாலும் நான் அப்படியே செய்கிறேன். இதன் மெலிந்த உடல் இருக்கைப் பைக்குள் உறுத்தாமல் அடங்குகிறது.

சோதனையில் ஒருமுறை எக்ஸ்ரே திரை என் பக்கமாகத் திரும்பியிருந்தது. துணியும் காகிதமும் ஆரஞ்சு நிறத்தில் கிடக்க, நடுவில் என் பவர் பேங்க் கருநீலமாக, உள்ளே ஆறு உருளைகள் வரிசை கட்டி நின்றன. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்ற அளவைக் கொண்டே 18650 என்று பெயர் பெற்ற செல்கள் அவை. இத்தனை அடர்த்தியான பொருளுக்கு அடியில் எது இருந்தாலும் படத்தில் மறைந்துவிடும். தட்டில் தனியாக எடுத்து வைக்கச் சொல்வது அதனால்தான் என்று அன்று கண்ணாரக் கண்டேன். பையின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் காட்டும் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்ட நிலையங்களில் பெரும்பாலும் பையிலேயே விட்டுவிடலாம்.

மின்னேற்றும் திறன் எதிர்பார்த்தபடிதான். 5,000 எம்.ஏ.எச். கைபேசிக்கு நான்கு முறை வரும் என்று கணக்குப் போடாதீர்கள். எனக்கு மூன்று முறைக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. 3.7 வோல்ட்டை 5 ஆக உயர்த்தும்போதும், கைபேசி அதைத் தன் பேட்டரிக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளும்போதும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது.

குறைகளும் உண்டு. பொத்தான் உடலைவிட்டுத் துருத்திக்கொண்டிருக்கிறது. பைக்குள் எதாவது அழுத்தினால் தானே விழித்துக்கொள்கிறது. பயணத்துக்குமுன் அதைத் துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுகிறேன். கூடவே வரும் கேபிள் ஒரு சாண் நீளம்தான், இருக்கைப் பையிலிருந்து மடிக்கு எட்டாது. எடை 345 கிராம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க நினைப்பவர்கள் 10,000 எம்.ஏ.எச். வகையை வாங்குங்கள். அதன் முதுகில் 37 வாட்-மணி என்று செதுக்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.