கைடு, மாதிரிக் கட்டுரை, சொந்த வாசிப்பு: ஆங்கில இலக்கியத் தேர்வில் எது கைகொடுக்கும்?

உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கும் பிள்ளைகளிடம் எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டால் பெரும்பாலும் நாலு பதிலில் ஒன்றுதான் வரும். கைடு அல்லது நோட்ஸ் தளம் பார்ப்பது. நல்ல மார்க் வாங்கிய மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்வது. பென்சிலும் கையுமாக மூலத்தையே திரும்பத் திரும்பப் படிப்பது. இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் சாட்ஜிபிடி வகையறாவிடம் கேட்பது. நாலுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நாலிலும் தேறியவர்கள் உண்டு. அதனால் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எதிர்பார்த்த கேள்வி வராமல், கொஞ்சம் கோணலாக வந்தால் எந்தத் தயாரிப்பு தாங்கும்?

முதலில் மார்க் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் எழுதும் ஏபி ஆங்கில இலக்கியத் தேர்வில் கட்டுரைப் பகுதி 2 மணி நேரம், 3 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளிகள். கட்டுரையின் மைய வாதத்துக்கு, அதாவது தீசிஸுக்கு 1. வாதத்தின் ஆழத்துக்கு 1. மீதி 4 புள்ளிகளும் ஆதாரத்துக்கும் அந்த ஆதாரத்தை நீங்கள் எப்படி விளக்குகிறீர்கள் என்பதற்கும்தான். இங்கிலாந்தில் பதினாறு வயசு வாக்கில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில், ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் தாளில் 15 கவிதைகள் கொண்ட தொகுப்பைப் படிக்கச் சொல்கிறார்கள். தேர்வில் அவற்றில் ஒன்றை அச்சிட்டுத் தந்துவிடுவார்கள். அதோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு கவிதையை மாணவர் தன் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு, இதுவரை கண்ணில் படாத கவிதை வேறு காத்திருக்கும். பல நாடுகளில் நடக்கும் பள்ளி இறுதிப் படிப்பான ஐபி டிப்ளமாவின் முதல் தாளில் முழுக்க முழுக்கப் பார்க்காத பகுதிகள்தான். கதைச் சுருக்கம் சொல்வதற்கென்று இவற்றில் எங்கேயும் தனி மார்க் கிடையாது. ஆனால் கைடுகளில் பக்கங்களை அதிகம் தின்பது அந்தக் கதைச் சுருக்கம்தான்.

கைடா, மூலமா?

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் கைடு என்றாலே ஒரு முகச்சுளிப்பு வருகிறது. அது கொஞ்சம் அநியாயம். அமெரிக்கக் கைடு வரிசையான கிளிஃப்ஸ்நோட்ஸ் 1958-இல் 16 ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கான நோட்ஸோடுதான் கடை திறந்தது. நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தை ஒரு பதினைந்து வயசுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து புரிந்துகொள்வது லேசான காரியம் இல்லை. அந்தத் தேவை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. யார் யாருக்கு மாமன், எந்தக் காட்சியில் யார் செத்தார், அந்தக் காலத்தில் ராஜத்துரோகத்துக்கு என்ன தண்டனை என்பதற்கெல்லாம் கைடைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

சிக்கல் கவிதையில் வருகிறது. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் 'ஓசிமாண்டியஸ்' என்ற சானெட்டை எடுத்துக்கொள்வோம். 1818-இல் அச்சில் வந்த 14 வரிக் கவிதை. பள்ளிப் பாடத்தில் அடிக்கடி தலைகாட்டுவது. பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு மன்னனின் சிலையைப் பற்றியது. எந்த நோட்ஸைத் திறந்தாலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும்: அதிகாரம் நிலையில்லாதது, காலம் எல்லாவற்றையும் அழித்துவிடும், மன்னனின் கர்வம் கேலிக்கு ஆளாகிறது. மூன்றும் சரிதான். அந்தத் தேர்வறையில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் அதே மூன்றைத்தான் எழுதப்போகிறார்கள், அவ்வளவுதான்.

கைடை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு கவிதைக்குள் போய்ப் பாருங்கள்: இதில் யார் பேசுகிறார்கள்? தொடக்கத்தில் ஒரு 'நான்' இருக்கிறார். ஒரு பயணியைச் சந்தித்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு கடைசிவரை பேசுவது அந்தப் பயணிதான். பயணியின் பேச்சுக்கு நடுவே பீடத்தில் செதுக்கப்பட்ட மன்னனின் வாசகம் வருகிறது. 14 வரியில் மன்னன் வாய் திறப்பது 2 வரி. அந்த 2 வரியும் கல்லிலிருந்து பயணியிடம் வந்து, பயணியிடமிருந்து 'நான்' காதுக்குப் போய், அதன் பிறகே நமக்குக் கிடைக்கிறது. ராஜாதிராஜன் என்று பீற்றிக்கொண்டவனின் குரல், முன்பின் தெரியாத ஆட்களின் தயவில் கைமாறி வந்து சேர்கிறது.

இன்னும் ஒரு படி. என் சாதனைகளைப் பார்த்து நம்பிக்கை இழந்து போங்கள் என்று மற்ற வல்லவர்களைப் பார்த்து மன்னன் முழங்கி, ஆச்சரியக்குறியோடு முடித்த கையோடு அடுத்த வரி 'நத்திங் பிசைட் ரிமெய்ன்ஸ்' (வேறு எதுவும் மிச்சமில்லை) என்று தொடங்குகிறது. மூன்றே சொல்லில் ஒரு வாக்கியம், வரியின் நடுவிலேயே முற்றுப்புள்ளி. அதற்கடுத்த வாக்கியமோ நிற்காமல் வரி தாண்டி வரி தாண்டி, மணலைப் போலவே பரந்துகொண்டே போய்க் கவிதையை முடிக்கிறது. சிற்பியையும் மறக்கக் கூடாது. மன்னனின் முகத்தில் இருந்த ஏளனத்தைச் சரியாகப் படித்துக் கல்லில் வைத்தவன் அவன். உடைந்த சிலையில் இன்னும் மிச்சமிருப்பது அந்த ஏளனம்தான்.

இப்போது கேள்வித்தாள் 'அதிகாரம்' என்று கேட்காமல் 'நினைவு' என்று கேட்கிறது என்று வையுங்கள். அல்லது 'கதை சொல்லும் விதம்' என்று. கைடின் மூன்று வரியை மட்டும் வைத்திருப்பவர் தடுமாறுவார். அதிகாரத்தையே கொஞ்சம் திருகி நினைவு என்று காட்டப் பார்ப்பார், திருத்துபவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். யார் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தவருக்கு விடை கையிலேயே இருக்கிறது: மன்னனை நினைவில் வைத்திருப்பது அவன் சாதனை இல்லை, அவனைப் பார்த்தவர்களின் சொல். அதிகாரம் என்று கேட்டாலும் இதே ஆதாரம், நினைவு என்று கேட்டாலும் இதே ஆதாரம்.

ஆகவே கவிதைக்கு என் ஓட்டு மூலத்துக்குத்தான். கைடு வேண்டாம் என்று சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் கைடைப் படித்துவிட்டால் அது சொன்னது மட்டுமே கண்ணில் படும். நீங்களாக ஒன்றிரண்டு தடவை, அதில் ஒரு தடவையாவது வாய்விட்டு, படித்து ஓரத்தில் கேள்விகளைக் குறித்துக்கொண்டு அப்புறம் கைடுக்குப் போங்கள். வாய்விட்டுப் படிக்காமல் எந்த இடத்தில் ஓசை உடைகிறது என்று கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். அயாம்பிக் பென்டாமீட்டர் என்ற ஆங்கில யாப்பின் பெயரை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

மனப்பாடமா, திட்டமா?

மாதிரிக் கட்டுரையை அப்படியே நெட்டுருப் போடுவது அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொள்வது மாதிரி. சில சமயம் பொருந்திவிடும், அதனால்தான் இந்தப் பழக்கம் சாகாமல் இருக்கிறது. பொருந்தாத அன்றைக்குக் கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்.

ஆனால் மாதிரிக் கட்டுரைக்கு வேறொரு பயன் இருக்கிறது, அதைப் பலர் கண்டுகொள்வதில்லை. அதை மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனியாக எழுதுங்கள். அந்த வாக்கியங்களைச் சேர்த்துப் படித்தாலே வாதம் நகர்வது தெரிந்தால் அது நல்ல கட்டுரை. உவமை, உருவகம், ஓசை என்று பட்டியல் மாதிரி இருந்தால், என்ன மார்க் வாங்கியிருந்தாலும் அதிலிருந்து கற்க அதிகமில்லை.

இதற்கு மாற்று, கட்டுரைத் திட்டம். ஒரு கேள்விக்கு முழுக் கட்டுரை எழுதும் நேரத்தில் நாலைந்து கேள்விகளுக்குத் திட்டம் போட்டுவிடலாம்: ஒரு வரியில் தீசிஸ், மூன்று பத்திக்கு மூன்று கருத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள். முழுக் கட்டுரையை வாரம் ஒன்று, கடிகாரம் வைத்து எழுதினால் போதும். கை வேகம் அதில் வந்துவிடும். வாதம் கட்டும் பழக்கம் வருவது திட்டத்தில்தான்.

மேற்கோளிலும் இதே கதை. நாலு வரி நீள மேற்கோளை உருப்போடுவதா, மூன்று நாலு சொல் துண்டுகளா? யோசிக்கவே வேண்டாம், துண்டுகள்தான். நீள மேற்கோள் எழுதினால் இடம் அடைகிறது, அதைப் பற்றிச் சொல்ல நேரம் இருக்காது. ஓசிமாண்டியஸின் கடைசி வரியில் 'சாண்ட்ஸ்' (மணல்) என்ற சொல்லுக்கு முன்னால் 'லோன் அண்ட் லெவல்' (தனித்த, சமதளமான) என்று இரண்டு லகர அடைமொழிகள் வருகின்றன, அதை மட்டும் எடுத்து ஒரு பத்தி எழுதலாம். ஒரே துண்டு இரண்டு மூன்று கருப்பொருளுக்குப் பயன்படுமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கு மட்டுமே உதவும் மேற்கோள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

பெயர் சொல்வதா, வேலை சொல்வதா?

அலிட்டரேஷன் (ஒரே மெய்யொலி அடுத்தடுத்த சொற்களில் திரும்ப வருவது), சிசூரா (வரியின் நடுவில் நிறுத்தம்), எஞ்சம்ப்மென்ட் (வாக்கியம் வரி தாண்டி ஓடுவது) என்று பெயர்களை அட்டையில் எழுதிப் படிப்பவர்கள் உண்டு. படிக்கட்டும். ஆனால் "கவிஞர் இங்கே அலிட்டரேஷன் பயன்படுத்தி வாசகரை ஈர்க்கிறார்" என்ற வாக்கியத்துக்கு மார்க் வராது. உலகத்தில் உள்ள எந்தக் கவிதைக்கும் அதை ஒட்டலாம். "லகரம் திரும்பத் திரும்ப வந்து வரியை இழுத்து மெதுவாக்குகிறது, மணல் எங்கேயும் முடியவில்லை என்பது காதிலேயே கேட்கிறது" என்று எழுதினால் அது அந்த ஒரு கவிதைக்கு மட்டும் பொருந்தும். அலிட்டரேஷன் என்ற பெயரே வராவிட்டாலும் இரண்டாவதுதான் மேல்.

பத்தியை எந்த வரிசையில் கட்டுவது என்று சொல்லும் பீல், பெட்டல் போன்ற சட்டகங்கள் பற்றி இரண்டு வரி போதும். கருத்து, ஆதாரம், விளக்கம், இணைப்பு என்ற வரிசை தொடக்கத்தில் கைப்பிடி. அது பழகியதும் விட்டுவிடலாம், எல்லாப் பத்தியும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால் திருத்துபவருக்குத் தூக்கம்தான் வரும்.

இரண்டு கவிதையை ஒப்பிடும்போது

முதல் கவிதையை முழுசாக எழுதி முடித்து அடுத்த கவிதைக்குப் போவது ஒரு முறை. பத்திக்குப் பத்தி இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோவது இன்னொரு முறை. முதலாவது எழுத எளிது, ஆனால் நேரம் போதாமல் போனால் இரண்டாவது கவிதை நாலு வரியில் சுருங்கிவிடும்; ஒப்பீடு கடைசிப் பத்தியில் மட்டும் அவசரமாக எட்டிப்பார்க்கும். சேர்த்து எழுதுவது கொஞ்சம் பழக்கம் கேட்கும். பத்தியின் முதல் வாக்கியத்திலேயே இரண்டு கவிதையின் பெயரும் வந்துவிட்டால் மீதி தானாக ஓடும். கேள்வி 'ஒப்பிடு' என்று சொன்னால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

பார்க்காத கவிதைக்கு நோட்ஸும் இல்லை, மாதிரியும் இல்லை. பழகுவது ஒன்றே வழி. ஏக்யூஏ தாளை எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பார்க்காத முதல் கவிதைக்கு 24 மார்க், அதை இன்னொன்றோடு ஒப்பிடும் கேள்விக்கு 8 மார்க்தான். அந்த 8-க்காகப் பக்கம் பக்கமாக எழுதி நேரத்தைக் கரைப்பது நஷ்டக் கணக்கு.

சாட்பாட்

சாட்பாட்டிடம் கட்டுரை எழுதித் தரச் சொன்னால் வருவது பெரும்பாலும் கைடின் அதே மூன்று வரி, இன்னும் வழவழப்பாக. அதைவிடப் பெரிய ஆபத்து மேற்கோளில். கவிதையில் இல்லாத வரியை இருப்பதாகவே சொல்லும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் தலையில் கட்டும், அதையும் தடுமாற்றமே இல்லாமல் செய்யும். அது தரும் ஒவ்வொரு மேற்கோளையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுக்கவே கூடாது. வீட்டுப்பாடமாகக் கொடுத்த கட்டுரையை அதனிடம் எழுதி வாங்கித் தருவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விதியில் மாட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும், தேர்வறையில் அது பக்கத்தில் உட்காராது.

வேலையைத் திருப்பிப் போட்டால் நல்ல துணை. உங்கள் தீசிஸை அதற்குக் கொடுத்து, இதை எதிர்த்து வாதாடு என்று சொல்லுங்கள். இந்தக் கவிதையைப் பற்றி ஐந்து கோணலான கேள்வி கேள் என்று சொல்லுங்கள். இதையே கூடப் படிக்கும் தோழியோ தோழனோ செய்தால் எனக்கு இன்னும் திருப்தி, ஏனென்றால் அவர்களுக்குப் புரியாவிட்டால் புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். சாட்பாட் மொக்கையான வாதத்தைக்கூட அருமை என்று பாராட்டிவிடும்.

ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால்

நாவலோ நாடகமோ இன்னும் படிக்கவில்லை, தேர்வுக்கு ஒரு வாரம் என்றால் கைடை எடுத்துக் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் மூலத்தில் முக்கியமான நாலைந்து காட்சிகளை மட்டுமாவது சொல் சொல்லாகப் படியுங்கள். கட்டுரையின் ஆதாரம் அங்கிருந்துதான் வர வேண்டும். கவிதைத் தொகுப்பு என்றால் 15-ஐயும் மேலோட்டமாகப் புரட்டி, எதனோடும் ஒப்பிடத் தோதான ஐந்தாறை ஆழமாகப் படிக்கலாம். அச்சிட்டுத் தரும் கவிதை இந்த ஐந்தாறில் இல்லாமல் போனாலும் வரிகள் கண் முன்னால் இருக்கும், சமாளிக்கலாம். இணையாக எடுக்கும் கவிதையைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், அதனால் அது நன்றாகத் தெரிந்த ஒன்றாகவே இருக்கும். மாதிரிக் கட்டுரைக் கட்டை அந்த ஒரு வாரம் அலமாரியிலேயே வைத்துவிடலாம்.