வீகன் விருந்தில் மீனும் முட்டையும்: லண்டனில் கிளாஸைத் தொடும் முன் கேளுங்கள்

லண்டனில் ஓர் உணவகம் 'முழுக்க முழுக்க வீகன் விருந்து' என்று விளம்பரம் செய்தது. வீகன் என்றால் இறைச்சி, மீன் மட்டுமல்ல, முட்டை, பால், தேன் என விலங்கிலிருந்து வரும் எதுவும் கூடாது. ஐந்து வகை உணவு, அதற்குப் பொருத்தமான மதுவகைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கிளாஸில்தான் ஏமாற்றினார்கள். வரவேற்புக்குக் கைப்பம்பில் இழுத்த ஏல் பியர் வந்தது. அடுத்து வெள்ளை ஒயின், அதன்பின் பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின், கடைசியில் வெண்நுரை கட்டிய விஸ்கி சவர் என்ற காக்டெயில். காலியான சிவப்பு ஒயின் பாட்டிலை ஒரு விருந்தாளி திருப்பிப் பார்த்தபோது பின்லேபிளின் அடியில் பொடி எழுத்தில் 'முட்டை உள்ளது' என்று இருந்தது. மேலாளரைக் கேட்டார்கள். "ஒயின் திராட்சை, பியர் பார்லி. இதில் விலங்கு எங்கே வந்தது?" என்றார். பணம் திரும்பவில்லை.

அந்த மேலாளர் சொன்னதை இன்னும் எத்தனையோ மதுக்கூடங்களில் சொல்கிறார்கள், கேட்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். மூலப்பொருள் செடியிலிருந்து வந்தால் போதாது. அதை எதைப் போட்டுத் தெளிய வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த ஏல். கைப்பம்பில் இழுக்கும் 'காஸ்க்' பியர் வடிகட்டப்படாமல் உயிருள்ள ஈஸ்ட்டோடு மதுக்கூடத்துக்கு வருகிறது. பீப்பாய்க்குள்ளேயே மேலும் புளிக்கிறது. ஈஸ்ட் தானாகப் படியக் காத்திருந்தால் பல நாள் ஆகும். ஓரிரு நாளில் பளிச்சென்று ஊற்றியாக வேண்டும். அதற்காக மதுவடிப்பவர்கள் பீப்பாயில் 'ஐசிங்கிளாஸ்' சேர்க்கிறார்கள். அது மீனின் காற்றுப்பை, நம் கடற்கரையில் நெட்டி என்பது. அதைக் காயவைத்து நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் கொலாஜன் என்ற புரதம் கரைந்து வரும். கொலாஜனுக்கு நேர்மின்னேற்றம், ஈஸ்ட்டுக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு கனத்து அடியில் உட்கார்ந்துவிடும். கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் மண் திரண்டு படிகிறதே, வேலை ஏறக்குறைய அதேதான். நம் பாட்டிமார்கள் கொட்டையில் செய்ததை அங்கே மீனில் செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் இதற்கு ரஷ்யாவிலிருந்து ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பை வந்தது. 1795-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் முர்டாக் காட் மீனிலிருந்து மலிவான மாற்றைக் கண்டுபிடித்தார். இன்று வெப்பமண்டலக் கடல் மீன்களின் காற்றுப்பைகளும் இதற்குப் போகின்றன. ஆகவே இங்கிலாந்தில் கைப்பம்பைப் பார்த்தால், வேறு தகவல் கிடைக்கும்வரை மீன் சேர்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'கெக்' எனப்படும் எரிவாயு அழுத்தத்தில் வரும் பியரை வடிகட்டி அனுப்புவதே பெரும்பாலும் வழக்கம், அதனால் அது பரவாயில்லை. ஆனாலும் எல்லாக் கெக்கும் அப்படி இல்லை. அயர்லாந்தின் கறுப்பு பியரான கின்னஸ்கூட நெடுங்காலம் ஐசிங்கிளாஸ் பயன்படுத்தியது. அதைக் கைவிடப்போவதாக 2015-இல்தான் அறிவித்தது. முதலில் கெக் மாறியது, பாட்டிலும் கேனும் பின்னால் மாறின.

கலங்கலாக இருக்கும் பியர் என்றால் மீன் சேர்க்கவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'மில்க்‌ஷேக் ஐபிஏ' போன்ற கலங்கல் பியர்களிலும் 'மில்க் ஸ்டவுட்' என்ற கறுப்பு பியரிலும் பாலிலிருந்து எடுத்த லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட்டால் அதைப் புளிக்கவைக்க முடியாது. அதனால் இனிப்பு அப்படியே தங்கும்.

ஒயினுக்கு வருவோம். சிவப்பு ஒயினில் துவர்ப்பைத் தணிக்க முட்டை வெள்ளை சேர்ப்பது போர்தோவின் பழைய வழக்கம். 225 லிட்டர் பீப்பாய்க்கு மூன்று முதல் ஆறு முட்டையின் வெள்ளை. துவர்ப்பைத் தரும் டானினோடு சேர்ந்து அது அடியில் படியும், மேலே தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். வெள்ளை ஒயினுக்குப் பால் புரதமான கேசீன், ஐசிங்கிளாஸ், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் ஆகியவற்றில் ஒன்று. இவை இல்லாமல் முடியாதா என்றால், தாராளமாக முடியும். பென்டோனைட் களிமண், பட்டாணிப் புரதம், உருளைக்கிழங்குப் புரதம், செயலூட்டிய கரி எல்லாம் பழக்கத்தில் உள்ளவை. பொறுமை இருந்தால் காலமே தெளியவைக்கும். ஆனால் ஒரே தோட்டம் ஓர் ஆண்டு களிமண்ணும் மறு ஆண்டு முட்டையும் போடலாம். எனவே போன ஆண்டு விசாரித்து வாங்கிய ஒயினையே இந்த ஆண்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பாட்டிலில் உள்ள அறுவடை ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள்.

"எல்லாம் அடியில் படிந்துவிடும், கிளாஸில் ஒன்றும் இருக்காது" என்று சமாதானம் சொல்வார்கள். பெரும்பகுதி படிந்துவிடுவது உண்மைதான். ஆனால் வீகனாக வாழ்பவரின் மறுப்பு மிச்சம் எத்தனை மில்லிகிராம் என்பதைப் பற்றியது அல்ல, அந்தப் பொருளைப் பயன்படுத்துவதைப் பற்றியது. இதைப் புரிந்துகொள்ளாத மதுக்கூடம் 'வீகன்' என்ற சொல்லை விலைப்பட்டியலில் போடவே கூடாது.

லேபிளை நம்பலாமா? பாதிதான் நம்பலாம். பிரிட்டனில் 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்துக்குப் பொருள்பட்டியல் கட்டாயம் இல்லை, ஒவ்வாமைப் பொருளை மட்டும் சொன்னால் போதும். மீன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பியரையும் ஒயினையும் தெளியவைக்கும் ஐசிங்கிளாஸுக்கு மட்டும் விலக்கு! முட்டையும் பாலும் 2012 முதல் ஒயின் லேபிளில் வரவேண்டும், அதுவும் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் அளவில் தென்பட்டால்தான். ஜெலட்டின் ஒவ்வாமைப் பட்டியலிலேயே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8 முதல் புதிய ஒயின்களுக்குப் பொருள்பட்டியல் வந்துவிட்டது. அதிலும் தெளியவைக்கும் பொருள் 'தயாரிப்பு உதவி'யாகக் கருதப்படுவதால், ஒவ்வாமை தருவதாக இல்லாவிட்டால் இடம்பெறாது. 'முட்டை உள்ளது' என்ற வரி இருந்தால் அந்த ஒயின் வேண்டாம். அந்த வரி இல்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம்.

விஸ்கி, ஜின், வோட்கா, ரம் பெரும்பாலும் கவலையற்றவை. விலக்குகளை மட்டும் நினைவில் வையுங்கள்: மோரைப் போன்ற பால்தெளிவிலிருந்து வடிக்கும் டோர்செட்டின் பிளாக் கவ் வோட்கா, தேன் கலந்த டிராம்பூயி, மஞ்சள் கரு சேர்ந்த அட்வகாட், வடிகலனில் கோழி நெஞ்சுக்கறியைத் தொங்கவிட்டு வடிக்கும் 'பெச்சூகா' என்ற மெக்சிகோ மெஸ்கால் மது. இத்தாலியின் சிவப்பு மதுவான கம்பாரி 2006-இல் பல நாடுகளில் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சிவப்பை விட்டுவிட்டது, வேறு சில சிவப்பு மதுக்களில் அது இன்னும் இருக்கிறது. லேபிளில் E120 என்ற நிற எண்ணைக் கண்டால் அதுதான்.

காக்டெயிலில் இன்னும் கவனம் தேவை. விஸ்கி சவர், பிஸ்கோ சவர் இரண்டின் நுரையும் பெரும்பாலும் முட்டை வெள்ளை. கொண்டைக்கடலை வேகவைத்த நீரை 30 மில்லி ஊற்றிக் குலுக்கினாலும் நுரை கட்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். பிளடி மேரியில் சேரும் வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் 'மில்க் பஞ்ச்' பாலைத் திரித்து வடிகட்டியது, பார்த்து ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

"இது வீகனா?" என்று கேட்டால் பணியாளர் "ஆமாம்" என்றுதான் சொல்வார். கேள்வியை மாற்றுங்கள். பியருக்கு: காஸ்க்கா, கெக்கா? எதைப் போட்டுத் தெளிய வைத்தார்கள்? ஒயினுக்கு: இந்த அறுவடை ஆண்டுக்குத் தயாரிப்பாளரின் எழுத்துபூர்வமான பதில் உண்டா? 'அன்ஃபைண்டு' என்று அச்சிட்டிருந்தால் எதையும் போட்டுத் தெளியவைக்கவில்லை என்று பொருள். 'அன்ஃபில்டர்டு' என்றால் வடிகட்டவில்லை என்பது மட்டுமே, முட்டை சேர்த்திருக்கலாம். வீகன் சொசைட்டியின் சூரியகாந்தி முத்திரை நம்பத்தக்கது. வி-லேபிள் முத்திரையில் சைவம், வீகன் என இரு வகை உண்டு, சைவ முத்திரை பெற்ற ஒயினில் முட்டை வெள்ளை இருக்கலாம். எந்த மது வீகன் என்று சொல்லும் பார்னிவோர் இணையப் பட்டியலில் தேடும்போது நிறுவனம் பதில் அனுப்பிய தேதியையும் எந்த நாட்டுச் சரக்கு என்பதையும் பாருங்கள்.

ஏமாந்துவிட்டால், பாட்டிலின் முன்பக்கம், பின்பக்கம், விலைப்பட்டியல், ரசீது நான்கையும் அங்கேயே படம் எடுங்கள். பிரிட்டனில் 'வீகன்' என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை, அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். ஆனால் விற்ற பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், அவர்கள் வணிக மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குத் தகவல் அனுப்புவார்கள்.