என்எஃப்எஸ் மெஷின்களுக்கு நேரம்: க்ரோனியா, டைம்சிங்க்டியா?

லாக் ஃபைலின் உள்ளே 10:02, அதே ஃபைலின் மாற்ற நேரம் 10:05. என்எஃப்எஸ் (சர்வரில் இருக்கும் ஃபைல்களை நெட்வொர்க் வழியாகப் பகிரும் முறை) மவுண்டில் இது அடிக்கடி கண்ணில் படும். வரியில் நேரத்தை எழுதுவது கிளையன்ட். ஃபைலுக்கு நேர முத்திரை குத்துவது பெரும்பாலும் சர்வர். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் 'மேக்' கட்டளை (ஃபைல்களின் நேரத்தைப் பார்த்து நிரலைத் தொகுப்பது) "க்ளாக் ஸ்க்யூ", அதாவது கடிகாரம் பிசகியிருக்கிறது என்று புலம்பும். கெர்பரோஸ் (நெட்வொர்க்கில் அடையாளம் சரிபார்க்கும் முறை) மவுண்டாக இருந்து வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால், மவுண்டே ஆகாது.

கடிகாரங்களை ஒத்துப்போக வைக்க லினக்ஸில் இருக்கும் இரண்டு நிரல்கள் டைம்சிங்க்டியும் க்ரோனியும். சிஸ்டம்டி-டைம்சிங்க்டி எளிமையானது. பல டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) கூடவே வரும், அமைப்பு வேலையும் சொற்பம். ஆனால் ஒரு சமயத்தில் ஒரே நேர சர்வரைத்தான் நம்பும். அந்த சர்வர் தப்பாகச் சொன்னால் இதுவும் தப்புதான். மற்ற மெஷின்களுக்கு நேரம் வழங்கவும் தெரியாது.

க்ரோனி பல நேர சர்வர்களை ஒப்பிட்டு, பொருந்தாததை ஒதுக்கும். என்எஃப்எஸ் சர்வரையே நேர சர்வராகவும் ஆக்கலாம். இணையம் அறுந்தாலும் கிளையன்ட்கள் அதையே பின்பற்றும். 'க்ரோனிசி ட்ராக்கிங்' கட்டளை கொடுத்தால் விலகல் எவ்வளவு என்று தெரியும். ஒரு தொல்லை: விர்ச்சுவல் மெஷினை நிறுத்திவைத்து எழுப்பினால், வழக்கமான அமைப்பில் பெரிய விலகலையும் மெதுவாகத்தான் சரிசெய்யும். உடனே சரியாக வேண்டுமானால் 'க்ரோனிசி மேக்ஸ்டெப்' (chronyc makestep) கைப்பட அடிக்க வேண்டும்.

தனி லேப்டாப்புக்கு டைம்சிங்க்டி போதும். என்எஃப்எஸ் இருக்கும் இடத்தில் என் ஓட்டு க்ரோனிக்கே. இரண்டையும் சேர்த்து ஓடவிடாதீர்கள்.