எந்நேரமும் சார்ஜரில் இருக்கும் லேப்டாப்: நான்கு வருட அனுபவம்

லேப்டாப்பை எந்நேரமும் சார்ஜரிலேயே போட்டு வைத்தால் பேட்டரி கெட்டுவிடுமா? நான்கு வருடமாக என்னுடையதை அப்படித்தான் வைத்திருக்கிறேன், பேட்டரி நன்றாகவே இருக்கிறது. அதே அறையில், அதே மேசையில், அதே மாதிரி சார்ஜரிலேயே இருந்த என் மனைவியின் லேப்டாப் பேட்டரியோ மூன்று வருடம் முடிவதற்குள் உப்பிப்போனது. இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு மாடல். ஆனால் பயன்படுத்திய விதத்தில் வித்தியாசம் ஒன்றுதான்: என்னுடையது 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொள்ளும், அவருடையது 100 வரை ஏறி அங்கேயே நிற்கும்.

எங்கள் வீடு திருச்சியில். நான் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன், அவர் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறார். இரண்டு லேப்டாப்பும் மேசையை விட்டு நகர்வதே அபூர்வம்.

அவருடைய லேப்டாப்பில் கோளாறு முதலில் தெரிந்தது டச்பேடில். இடது ஓரத்தை அழுத்தினால் ‘டிக்’ என்று விழ வேண்டிய கிளிக் விழவில்லை. கொஞ்ச நாளில் கை படாமலே கிளிக் ஆகத் தொடங்கியது. அப்புறம் மூடியைச் சாத்தினால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரிந்தது. மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் தொட்டால் எதிர்மூலை ஆடியது. ரிப்பேர் கடையில் அடிமூடியைக் கழற்றியபோது பார்த்தோம்: மூன்று செல்களில் நடுவில் இருந்தது குட்டித் தலையணை மாதிரி உப்பி, டச்பேடை அடியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கேட்டது இதுதான்: “எப்பவும் ஃபுல் சார்ஜ்லயே நிக்குதா சார்?” சார்ஜரிலேயே இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

சார்ஜர் இருந்துகொண்டே இருந்தால் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கும், ஓவர்சார்ஜ் ஆகிவிடும் என்ற பயம் தேவையில்லை. லேப்டாப் பேட்டரியில் இருக்கும் லித்தியம் அயன் செல் பெரும்பாலும் 4.2 வோல்ட்டில் நிரம்பும். சில வகைகளில் அது 4.35, 4.4 வரை போகும். அந்த அளவை எட்டியதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு லேப்டாப் அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, பேட்டரி சும்மா இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அப்படிச் சும்மா இருப்பது அந்த உச்ச வோல்ட்டேஜில். மாதக்கணக்கில் அங்கேயே நின்றால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனக் கலவை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயு உண்டாகிறது. இப்போதைய மெல்லிய லேப்டாப் செல்களுக்கு உறை அலுமினிய ஃபாயில் பைதான். வாயு வெளியேற வழியில்லாமல் பை உப்புகிறது.

சூடு சேர்ந்தால் இதெல்லாம் வேகமாக நடக்கும். நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பேட்டரியை 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால், 40 சதவீத சார்ஜில் இருந்ததற்கு 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும், 100 சதவீதத்தில் இருந்ததற்கு 80. அதுவே 40 டிகிரி என்றால் 85, 65. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மாடி அறையில், ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் உட்புறம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மெத்தையில் வைத்து அடிப்பக்கக் காற்றுத் துளைகளை அடைத்தால் இன்னும் மோசம். அதனால்தான் எங்கள் வீட்டில் இரண்டு லேப்டாப்பும் இப்போது ஸ்டாண்டில் இருக்கின்றன.

“ஃபுல் சார்ஜ் பண்ணு, பிளக்கைப் பிடுங்கு, 20 வந்ததும் மறுபடி போடு” என்று பலரும் சொல்வார்கள். முழுசாக இறக்கி ஏற்றும் பழக்கம் நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்தில் வந்தது. பாதியில் மறுபடி மறுபடி ஏற்றினால் கொள்ளளவு குறைந்தது போலாகும் ‘மெமரி எஃபெக்ட்’ அதற்கு உண்டு, லித்தியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மொத்தம் 100 சதவீத சார்ஜ் செலவானால் அது ஒரு சைக்கிள். தினமும் 100-லிருந்து 20-க்கு இறக்கினால் நாளுக்கு 0.8 சைக்கிள், வருடத்துக்கு 290-க்கு மேல். சாதாரண லேப்டாப் பேட்டரிக்குச் சொல்லப்படும் ஆயுளே 300 முதல் 500 சைக்கிள்தான். மேசையிலேயே வேலை பார்ப்பவர் இப்படிச் செய்தால் இல்லாத தேய்மானத்தை உண்டாக்கிக்கொள்கிறார்.

சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி பல லேப்டாப்களில் இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும். லெனோவோவில் வான்டேஜ் செயலிக்குள் கன்சர்வேஷன் மோட், ஆசுஸில் மைஆசுஸ் செயலிக்குள், எச்பியின் பிசினஸ் மாடல்களில் பயாஸ் (லேப்டாப்பைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) உள்ளே. டெல்லில் எந்த அளவில் ஏறத் தொடங்கலாம், எங்கே நிற்கலாம் என்று இரண்டையும் நாமே குறிக்கலாம். மேக்கில் 2020-இல் வந்த கேட்டலினா 10.15.5 முதல் பேட்டரி நலத்தை அதுவே கவனிக்கும் வசதி உண்டு.

80-இல் நிறுத்துவதால் எனக்கு என்ன நஷ்டம்? கரண்ட் போனால் நாலு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் ஓடும். திருச்சியில் என் வேலைக்கு அது தாராளம். சென்னைக்குப் போக வேண்டுமானால் முந்தின இரவு வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொள்கிறேன். ஊர் திரும்பியதும் மறுபடி வைத்துவிடுகிறேன். ஒரே ஒரு சின்னத் தொந்தரவு: பல மாதம் 80-லேயே நின்றால் சதவீதக் கணக்கு தடுமாறும், 30 என்று காட்டிவிட்டுச் சட்டென்று 15 என்று காட்டும். எப்போதாவது ஒருமுறை முழுசாக ஏற்றி இறக்கினால் அது சரியாகிவிடும்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் வழியாக பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது மிஞ்சியிருப்பது) என்று இரண்டு எண் வரும். என்னுடையதில் முதலாவது 57,000 மில்லிவாட் ஹவர், இரண்டாவது இப்போது 50,000-ஐ ஒட்டி நிற்கிறது. மனைவியின் பழைய பேட்டரியில் 42,000 இருந்த இடத்தில் கடைசியாக 26,000 கூட இல்லை. உப்பியதைப் பார்த்த அன்றே அதை ஓட்டுவதை நிறுத்திவிட்டோம். உப்பிய செல்லை அழுத்துவதும், குத்துவதும், “இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்” என்று வைத்திருப்பதும் தீப்பிடிக்கும் அபாயம். தயவுசெய்து அதில் விளையாடாதீர்கள்.

அவருடைய மாடலில் சார்ஜ் வரம்பு வசதியே கிடையாது. புது பேட்டரி போட்ட பிறகு வேறு வழி வைத்துக்கொண்டார். வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறார். லேப்டாப்பை மூடும்போது சார்ஜ் 60, 65-க்கு வந்திருக்கும், இரவு முழுக்க அந்த அளவிலேயே இருக்கும். காலையில் உட்கார்ந்ததும் சுவிட்சைப் போடுகிறார். இரண்டு கோடை போய்விட்டது. டச்பேட் கிளிக் சரியாக விழுகிறது, ரிப்போர்ட்டில் 39,000-க்குக் குறையவில்லை.