வாட்டம் எடுத்தவர்கள்: இரண்டு மழைக்காலம் பார்த்த பின் எழுதும் மதிப்பீடு

வீட்டின் பின்புறத்தில் தேங்கி நின்ற மழைநீரை வெளியேற்றுவதற்காக, மனையின் தரைமட்டத்தை மாற்றி வாட்டம், அதாவது நீர் வழிந்தோடும் சரிவு, எடுத்துக் கொடுக்கும் குழு ஒன்றை அமர்த்தியிருந்தேன். வேலை முடிந்த மறுநாளே நிறைகுறைகளை எழுதியிருக்கலாம்தான். ஆனால் புதிதாக மட்டம் செய்த தரை எவர் செய்தாலும் பார்வைக்கு அழகாகவே இருக்கும் என்பதாலும், மண் தன் குணத்தைக் காட்டுவதற்கு நான்கைந்து பெருமழைகளாவது வேண்டும் என்பதாலும், இரண்டு மழைக்காலங்கள் கழியும்வரை காத்திருந்து இதை எழுதுகிறேன்.

இவர்களுக்கு முன்பே வேறொரு குழு இதே இடத்தில் வேலை செய்து சென்றிருந்தது. அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் இரண்டாவது குழு செய்ததன் அருமை விளங்காது. பின்வாசலுக்கு இடப்புறம், சுவரையொட்டி ஒரு கட்டில் அளவுக்குப் பள்ளம் இருந்தது. மழை விட்டு ஒன்பது, பத்து நாள் ஆகியும் அதில் நீர் வற்றாது. முட்டையிலிருந்து கொசு வெளிவர வெதுவெதுப்பான காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், அந்தப் பள்ளத்தில் ஒவ்வொரு மழைக்கும் ஒரு தலைமுறைக் கொசு வளர்ந்து பறந்தது. முதல் குழுவினர் வந்தார்கள், பள்ளத்தைப் பார்த்தார்கள், மணலைக் கொண்டுவந்து கொட்டி நிரப்பிச் சுவரோரமும் மேடாக அணைத்துவிட்டுப் போனார்கள். எந்த இடத்திலும் எதையும் அளக்கவில்லை. அடுத்த மழையில் பழைய பள்ளம் இருந்த இடம் காலை வைத்தால் புதையும் சதுப்பாக மாறியது. அதிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, அதுவரை உலர்ந்திருந்த இடத்தில் புதிதாக ஒரு குட்டை தோன்றியது. இவ்வாறுதான் நடக்கும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அடியில் இருப்பது களிமண். களிமண் கிண்ணத்துக்குள் மணலைக் கொட்டினால் நீர் மணலின் இடுக்குகளில் புகுந்து, வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். பள்ளத்தில் இடம் கிடைக்காத மிச்ச நீர் அடுத்த தாழ்வைத் தேடிப் போகும். போதாக்குறைக்கு, சுவரோரம் அணைத்த மண் கடைக்காலுக்கு மேல் போட்டிருந்த ஈரத்தடுப்பு அடுக்கையும் மூடிவிட்டதால், உட்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்து உதிரத் தொடங்கியது.

இந்த மதிப்பீட்டுக்கு உரிய இரண்டாவது குழுவினர் முதல் நாள் மண்வெட்டியே கொண்டுவரவில்லை. முக்காலியில் நிறுத்தி மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி ஒன்று, அளவு குறித்த நெடிய கோல் ஒன்று, ஒரு கட்டு முளைக்குச்சிகள், உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும், கண்ணாடிக் குழாய் எனப்படும் இருபது மீட்டர் நீள நெகிழிக் குழாய் ஆகியவற்றுடன் வந்தார்கள். பின்வாசற்படியின் மேற்பரப்பைச் சுழியம் என வைத்துக்கொண்டு, சுவரோரம், மூன்று மீட்டர் தள்ளி, சுற்றுச்சுவரின் அடி என்று வரிசைவரிசையாக மட்டம் எடுத்தார்கள். பக்கவாட்டுச் சந்து வீட்டின் முனைக்குப் பின்னால் மறைவதால் கருவியின் பார்வை அங்கே எட்டவில்லை. அங்கு மட்டும் பழைய முறையில் குழாயில் நீர் நிரப்பி அளந்தார்கள். மூத்த பணியாளர் அளக்கத் தொடங்குவதற்கு முன் குழாயின் இரு முனைகளையும் அருகருகே பிடித்துப் பார்த்தார். நீர்மட்டம் ஒன்றுபோல் நிற்கவில்லை. நடுவில் எங்கோ விரல்நகம் அளவுக்கு ஒரு காற்றுக்குமிழ் சிக்கியிருந்தது. குழாயைச் சுண்டிச் சுண்டி அந்தக் குமிழை முனைக்கு ஓட்டி வெளியேற்றிய பிறகே அளவைக் குறித்தார். அவசரப்பட்டிருந்தால் வாட்டம் முழுவதும் அந்தக் குமிழின் கணக்குப்படி அமைந்திருக்கும்.

அளவுகள் சொன்ன செய்தி எனக்கே வியப்பாக இருந்தது. முதல் குழு அணைத்த மேட்டைச் சேர்க்காமல் பார்த்தால் சுவரோரத் தரை வாசற்படியைவிட 22 செ.மீ. தாழ்வு, மூன்று மீட்டர் தள்ளி 19, சுற்றுச்சுவரின் அடியில் 16. அதாவது, கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த தரை உண்மையில் வீட்டை நோக்கியே சரிந்திருந்தது. தோட்டத்தில் பெய்யும் மழையை எல்லாம் வீடுதான் வரவேற்றுக்கொண்டிருந்தது. புதிய குட்டை இருந்த இடம் 27 செ.மீ. தாழ்வு. ஆனால் பக்கவாட்டுச் சந்தின் முனையில், நீரை விட அனுமதி உள்ள பொது வடிகாலின் வாய் 62 செ.மீ. தாழ்வில் இருந்தது. குட்டைக்கும் வடிகாலுக்கும் இடையே 35 செ.மீ. இறக்கம் இத்தனை ஆண்டுகளும் பயன்படாமல் கிடந்திருக்கிறது. “உங்களுக்கு மண் பற்றாக்குறை இல்லை, நீருக்குப் போகும் வழிதான் இல்லை” என்று அந்த மூத்தவர் சொன்னபோது, முதல் குழு இறக்கிய மணல் குவியல்கள் என் நினைவில் வரிசையாக வந்து நின்றன.

அன்றே மண்ணையும் சோதித்தார்கள். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது ஊறி இறங்கிய பின் மறுபடியும் நிரப்பி, ஒரு மணிநேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார்கள். 1 செ.மீ. கூட முழுதாக இறங்கவில்லை. உறிஞ்சுகுழி ஒன்று தோண்டிவிட்டால் போதாதா என்று நான் கேட்டிருந்ததற்கு இதுவே பதிலாக அமைந்தது. அவர்கள் விரும்பியிருந்தால் நான் கேட்டதையே செய்துவிட்டு ஊதியம் பெற்றுச் சென்றிருக்கலாம். களிமண்ணில் உறிஞ்சுகுழி என்பது மூடிபோட்ட இன்னொரு குட்டைதான் என்று எடுத்துச் சொல்லி மறுத்ததை, இந்தச் சேவையின் மிகப்பெரிய நிறையாகக் கருதுகிறேன்.

திட்டம் எளிமையானது. சுவரை ஒட்டிய தரை வாசற்படியிலிருந்து 20 செ.மீ. தாழ்வில் இருக்க வேண்டும். அங்கிருந்து மூன்று மீட்டருக்குள் குறைந்தது 15 செ.மீ. இறங்க வேண்டும். வீட்டைச் சுற்றிய முதல் மூன்று மீட்டருக்கு இந்த 5 விழுக்காடு இறக்கம் கட்டுமான நெறிகள் பலவும் ஏற்றுக்கொண்ட அளவு. அந்த இறக்கம் முடியும் இடத்தில், சுவருக்கு இணையாக அகலமான, ஆழமற்ற புல்வாய்க்கால் ஒன்று தொடங்கி, வீட்டைச் சுற்றி வளைந்து சந்தின் வழியே வடிகாலை அடைய வேண்டும். இருபது மீட்டர் நீளத்தில் அதன் அடித்தளம் 36 செ.மீ. தாழ்விலிருந்து 58 செ.மீ. தாழ்வுக்கு இறங்கும்; அதாவது மீட்டருக்கு ஒரு செ.மீ.க்குச் சற்று மேல். வாய்க்கால் என்றதும் நான் கால் இடறி விழும் பள்ளத்தைக் கற்பனை செய்துகொண்டேன். உண்மையில் அதன் கரைகள் அவ்வளவு மெல்லச் சரிவதால், அங்கு ஒரு வாய்க்கால் இருக்கிறது என்பதை விருந்தினருக்கு நான்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து மண் எதுவும் வரவில்லை. வாய்க்காலில் வெட்டி எடுத்த களிமண்ணையே சுவரோரம் பயன்படுத்தினார்கள். சுவரோரத்துக்கு மணலைவிடக் களிமண் கலந்த மண்ணே ஏற்றது. நீரை உள்ளே விடாமல் மேற்பரப்பிலேயே வழிந்தோடச் செய்யும். முதல் குழு அணைத்த மேட்டை முற்றிலும் அகற்றி, ஈரத்தடுப்பு அடுக்குக்குக் கீழே 15 செ.மீ. சுவர் வெளியே தெரியும்படி விட்டார்கள். தாழ்வுகளில் நிரப்பிய மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், 15 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இயந்திரத்தாலும், இயந்திரம் நுழையாத மூலைகளில் திமிசுக்கட்டையாலும் இடித்து இறுக்கினார்கள். இடிப்பதற்கு முன் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டை நிற்க வேண்டும், ஆனால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. உதிர்ந்தால் நீர் தெளிப்பார்கள், ஒட்டினால் வெயிலில் ஆறவிடுவார்கள். மண்ணுக்கு அதன் முழு இறுக்கத்தைத் தரும் ஈரப்பதம் ஒன்று உண்டு என்பதை 1933இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் சோதனை முறையாக வகுத்தார். ஆய்வகம் அளந்து சொல்வதை இவர்கள் உள்ளங்கையால் அறிந்தார்கள்.

கூரை நீரையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்பக்கக் கூரை ஏறத்தாழ 80 சதுர மீட்டர். 25 மி.மீ. மழை பெய்தால் அதிலிருந்து மட்டும் 2,000 லிட்டர் நீர், ஒற்றைக் குழாய் வழியாகச் சரியாகச் சுவரின் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் குழாயைத் தரைக்கு அடியில் நீட்டி வாய்க்காலில் கொண்டுபோய் விட்டார்கள். இதைச் செய்யாமல் தரையை மட்டும் சரித்திருந்தால், அந்த ஒரு குழாயே அரித்து அரித்துப் பழைய பள்ளத்தை மீட்டெடுத்திருக்கும்.

சுற்றுச்சுவரின் ஓரத்தில், மேட்டிலுள்ள அடுத்த மனையிலிருந்து நிலத்தடியில் ஊறி வரும் நீருக்கு மட்டும் வேறு ஏற்பாடு தேவைப்பட்டது. துளையிட்ட 10 செ.மீ. குழாயைத் துளைகள் கீழே பார்க்குமாறு சரளைக்கல்லுக்குள் கிடத்தி, மண் புகாதபடி வடிகட்டித் துணியால் சுற்றி மூடினார்கள். இதைப் பிரெஞ்சு வடிகால் என்பார்கள். பிரான்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1859இல் இந்த முறையை விளக்கி எழுதிய ஹென்றி பிரெஞ்ச் என்னும் அமெரிக்கரின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

இனி குறைகள். முதலாவதும் பெரியதும், மேல்மண் பற்றியது. வெட்டத் தொடங்கும் முன் மேலே உள்ள 10, 15 செ.மீ. வளமான மண்ணைத் தனியே ஒதுக்கிவைத்து, கடைசியில் அதையே மேலே பரப்ப வேண்டும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். சுவர்ப்பக்கம் அப்படியே செய்தார்கள். ஆனால் சுற்றுச்சுவர் ஓரத்தில் வேலை நடந்த நாளில் மூத்தவர் வரவில்லை; பொக்லைன் ஓட்டியவர் மேல்மண்ணையும் அடிக்களியையும் ஒன்றாகவே அள்ளிப் புரட்டிவிட்டார். அந்தப் பட்டையில் முதல் மழைக்காலம் முழுவதும் ஒரு புல் முளைக்கவில்லை. வெயிலில் வெடித்தும் மழையில் வழுக்கியும் கிடந்தது. பின்னர் மட்கிய எருவைக் கொத்திக் கலந்து நானே அதைத் தேற்ற வேண்டியிருந்தது. அதே நாளில், இரவுத் தூறலில் நனைந்திருந்த தரைமீது வண்டியை ஓட்டியதால் சக்கரத் தடம் இரண்டு ஆழமாகப் பதிந்துவிட்டது. களிமண் நனைந்திருக்கும்போது கனமான வண்டி ஏறினால் அந்த இறுக்கம் மேலே கீறிவிடுவதால் மட்டும் போகாது. ஒருநாள் பொறுத்திருக்கலாம்.

இரண்டாவது, மரம். மூலையில் நின்ற முதிர்ந்த மரத்தின் அடியைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு மிச்ச மண்ணைக் குவித்துவிட்டார்கள். மரத்தின் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேலுள்ள அரை மீட்டருக்குள்தான் மூச்சு விடுகின்றன. அவற்றை மூடினால் மரம் உடனே சாகாது. ஓரிரு ஆண்டுகள் கழித்து மெல்லப் பட்டுப்போகும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. நான் சொன்னதும் மறுப்பின்றி அகற்றினார்கள் என்பது உண்மையே. ஆனாலும் நான் சொல்ல வேண்டியிருந்தது.

வந்த நேரம், பேச்சு, துப்புரவு ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோண்டுவதற்கு முன் மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் போகும் தடங்களைச் சுண்ணாம்பால் கோடிட்டுக்கொண்டார்கள்.

முதல் பெருமழை மாலையில் பிடித்தது. பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் ஒன்றும் புலப்படவில்லை. பிறகு சுவரோரத்திலிருந்து ஒரு காய்ந்த இலை நகரத் தொடங்கி, சரிவில் இறங்கி, வாய்க்காலில் திரும்பி, சந்தின் முனை வரை நிற்காமல் போயிற்று. மறுநாள் முற்பகலில் தரை ஈரமாக இருந்ததே தவிர எங்கும் நீர் நிற்கவில்லை. உட்சுவர் உலர்வதற்கு மட்டும் அடுத்த கோடை முழுவதும் பிடித்தது. அதன் பிறகு பூசிய சுண்ணாம்பு இன்றுவரை பொரியவில்லை.

முதல் மழைக்காலத்தின் முடிவில், கூரை நீர்க்குழாய் புதைத்த தடத்தில் மண் 2 செ.மீ. அமுங்கியிருந்தது. தகவல் சொன்ன அடுத்த வாரமே வந்து, ஊதியம் எதுவும் கேட்காமல் நிரப்பி இடித்துக் கொடுத்தார்கள். மட்ட அளவுகளை எழுதிய தாளை மட்டும் அவர்களாகவே கொடுக்கவில்லை. இருமுறை கேட்ட பிறகுதான் கிடைத்தது. இத்தகைய வேலையை யார் கொடுத்தாலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் அதை வைத்துக்கொண்டு நானே கண்ணாடிக் குழாயால் மறுபடி அளந்து பார்த்தேன். சுவரோரம் 20 என்பது 21 ஆகியிருந்தது. வாய்க்கால் வளையும் இடத்தில் ஒன்றரை செ.மீ. வண்டல் படிந்திருந்தது, அதை மண்வெட்டியால் சுரண்டி எடுக்கக் கால்மணி நேரம் ஆனது.