நீச்சல் குளத் தள விரிசல், கழற்றி மாட்டும் கைப்பிடி: எங்கே எந்த வழி சரி

பொள்ளாச்சி, உடுமலை பக்கம் தோப்புக்குள் வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் நீச்சல் குளமும் சேர்த்தே கட்டுகிறார்கள். குளத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அதைச் சுற்றிப் போடும் காங்கிரீட் தளத்துக்குக் காட்டுவதில்லை. ரெண்டு கோடை தாண்டினால் தளத்தில் விரிசல், குளத்தில் ஏறி இறங்கப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியில் ஆட்டம். விரிசலுக்குக் கொத்தனார், கைப்பிடிக்கு வெல்டிங் பட்டறைக்காரர் என்று தனித்தனியாக ஆள் கூப்பிடுவோம். ஆனால் கைப்பிடி நிற்கும் இடத்திலிருந்தே விரிசல் கிளம்பியிருந்தால் அது ஒரே வேலை. ஒன்றை விட்டு மற்றதைச் செய்தால் காசுதான் நட்டம்.

முதலில் விரிசல். “சிமெண்ட் பால் ஊத்திப் பூசிட்டா போதுங்ணா” என்று கொத்தனார் சொல்வார். முடி அளவு விரிசலுக்கு அது போதும்தான். தண்ணீர் அதிகம் கலந்து, உச்சி வெயிலில் போட்டு, ஒழுங்காக ஈரம் காக்காமல் விட்ட காங்கிரீட் காயும்போது சுருங்குவதால் வரும் விரிசல் அது, பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நின்றுபோன விரிசல் கொஞ்சம் அகலமாக இருந்தால் எபாக்சி (ரெண்டு பாகத்தைக் கலந்து ஊற்றும், காய்ந்தால் கெட்டியாகும் பசை) நல்லது. காங்கிரீட்டை விடக் கெட்டியாக ஒட்டும். ஆனால் அந்தக் கெட்டித்தனமே இன்னும் அசைகிற விரிசலில் வினையாகிவிடும், ஒட்டிய இடம் அப்படியே இருக்கும், பக்கத்தில் புதிதாக ஒன்று வெடிக்கும். வெயிலில் எபாக்சி மஞ்சளடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அசைகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எபாக்சி வைத்து ஒட்டித் தேதி எழுதி விடுங்கள். கண்ணாடி உடைந்தால் அசைகிறது. இதைச் சித்திரையில் ஒட்டி ஐப்பசி மழை வரை பார்ப்பது நல்லது, ஏனென்றால் சூலூர், பல்லடம் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும், நடுவில் ஒரு மாதம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

அசைகிற விரிசலுக்கு பி.யு. சீலன்ட்தான் (ரப்பர் மாதிரி இழுபடும் பாலியூரித்தேன் அடைப்புப் பசை) என் கட்சி. கட்டிங் மிஷினால் விரிசலை 12 மி.மீ. அகலத்துக்குக் காடி எடுத்து, தூசி போக ஊதி, அடியில் நுரைக் கயிறு வைத்து, அதன் மேல் 6 மி.மீ. கனத்துக்கு நிரப்ப வேண்டும். கனமாக அடைத்தால் நல்லது என்று குழி முழுக்கத் திணித்தால் இழுபட முடியாமல் ஓரத்தில் பிய்த்துக்கொள்ளும். தளத்தில் ஒரு கோடு தெரியும், அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும், புளிப்பு வாடை அடிக்கிற சிலிக்கான் மட்டும் வேண்டாம், அது காங்கிரீட்டில் நின்று பிடிக்காது.

குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் தளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் இதே சாதிதான். 10 மீட்டர் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. நீளும். அந்த இடைவெளியைப் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தால் தளம் போய் விளிம்புக் கல்லைத்தான் தள்ளும்.

விரிசலின் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் இறங்கியிருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அடியில் மண் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டை உடைத்து, கரிசலை எடுத்துவிட்டு கிராவல் போட்டு நன்றாகத் திமுசு போட்டு, புதுக் காங்கிரீட்தான். 100 மி.மீ. தளத்துக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு, 25 மி.மீ. ஆழத்துக்கு, போட்ட மறுநாளுக்குள் வெட்டிவிட வேண்டும். விரிசல் வருவதென்றால் அந்தக் கோட்டோடு வரட்டும்.

சரி, கைப்பிடி. நம் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் அடியில் இலை, குப்பை விழாமல் குளத்துக்கு மேல் வலை போட்டே ஆக வேண்டும், கைப்பிடி நின்றுகொண்டிருந்தால் வலை படியாது. அதனால் பைப்பைக் காங்கிரீட்டில் நிரந்தரமாகப் புதைப்பதை விட்டுவிடலாம், உறுதியில் அதை அடிக்க எதுவும் இல்லை என்றாலும். மீதி இரண்டு. ஒன்று, பைப் அடியில் தட்டு வெல்டிங் வைத்து நாலு போல்ட் முடுக்குவது. மற்றது, தளத்துக்குள் சாக்கெட் (பைப் நுழையும் குழல்) புதைத்து, பைப்பை இறக்கி, ஆப்பு வைத்து இறுக்குவது.

தட்டு மலிவு, ஒரு நாளில் வேலை முடியும். சிக்கல் எங்கே என்றால், எல்லாரும் அடிக்கிற ஆங்கர் பாஸ்னர் ஓட்டைக்குள் விரிந்துதான் பிடிக்கிறது. குளத்து விளிம்புக்குக் கிட்டத்தில் அந்த விரிவே காங்கிரீட்டைப் பிளக்கும். 12 மி.மீ. போல்ட்டுக்கு விளிம்பிலிருந்து 120 மி.மீ. தள்ளி நிற்பது நல்லது. அவ்வளவு இடம் இல்லையென்றால் கெமிக்கல் ஆங்கர் போடுங்கள். அது விரியாது, ஒட்டித்தான் பிடிக்கும், ஓட்டையைத் தூசி இல்லாமல் ஊதிச் சுத்தம் செய்தால் மட்டும். அப்புறம், கைப்பிடியைக் கழற்றிய நாட்களில் தரையில் நீட்டிக்கொண்டு நிற்கும் போல்ட் முனை வெறுங்காலில் இடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குத் தட்டு பிடிக்காது.

சாக்கெட்டில் அந்தத் தொல்லை இல்லை, மூடி போட்டால் தரை மட்டம். போல்ட்டை முடுக்க முடுக்க ஆப்பு மேலேறி பைப்பைச் சாக்கெட் சுவரோடு நெருக்கும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, ஆயத்தமாகக் கிடைக்காவிட்டாலும் கன்மெட்டலில் (வெண்கல வகை) வார்த்து லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கேளுங்கள். போர்வெல் உப்புத்தண்ணீர் தேங்கினால் ஆப்பு கவ்விக்கொண்டு வெளியே வராது, அதனால் வலை போடாத மாதங்களிலும் இடையில் ஒரு முறை கழற்றி, கழுவி, கிரீஸ் தடவி மாட்டுவது நல்லது.

ஆட்டம் கண்டால் கைப்பிடியை ஒருவர் அசைக்க இன்னொருவர் குனிந்து பாருங்கள். சாக்கெட்டுக்குள் பைப் மட்டும் ஆடினால் ஆப்பை மாற்றினால் தீர்ந்தது. சாக்கெட்டே காங்கிரீட்டுக்குள் ஆடி, அங்கிருந்து நாலா பக்கமும் விரிசல் ஓடினால் எபாக்சி ஊற்றி ஏமாற்ற முடியாது. கோர் கட்டிங் (வட்டமாகக் குடைந்து வெட்டுவது) செய்து பழையதை எடுத்து, சுருங்காத கிரௌட் (இடைவெளியில் ஊற்றும் சிமெண்ட் கலவை) வைத்துப் புதிதாக நட வேண்டும், விரிசல் வேலை அதற்குப் பிறகுதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் வாங்கும்போது 304, 316 என்று ரெண்டு தரம் சொல்வார்கள். 304 விலை குறைவு, ஆனால் குளோரின் தண்ணீரில் டீக்கறை மாதிரி துரு படியும். உப்பு குளோரினேட்டர் (தண்ணீரில் கலந்த உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி) வைத்த குளமென்றால் 316 தவிர வேறு யோசிக்க வேண்டாம். எந்த முறையாக இருந்தாலும் குளத்து லைட், மோட்டார் எர்த்தோடு கைப்பிடியின் உலோகத்தையும் எலக்ட்ரீஷியனை வைத்து இணைத்துவிடுங்கள். சாக்கெட் என்றால் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே அந்த எர்த் கம்பியை இழுத்து வைத்துவிட வேண்டும்.