‘நாட்டுத் தைலமர’ விதைப் பொட்டலம்: விதை தேறும், அட்டை தேறாது

5 கிராம் பொட்டலம். அட்டையில் ‘நாட்டுத் தைலமரம்’ என்று போட்டிருக்கிறார்கள். ஆர்.எஸ்.பதி மரம் என்று ஊர் வாயில் புழங்குவதால் மட்டும் அது நாட்டு மரமாகிவிடாது, தாயகம் ஆஸ்திரேலியா. படத்தில் இருப்பதோ காம்பில்லாத வெளிர்நீல இலை. அது 1843-இல் நீலகிரிக்கு வந்த மலை வகை, தஞ்சாவூர் வெயிலுக்கு ஆகாது.

நல்லவேளை, உள்ளே இருப்பது அது இல்லை. உள்ளங்கையில் கொட்டினால் ஒரு மில்லிமீட்டர் அளவில் கறுப்பு மணிகள்: மைசூர் கம் எனும் டெரிட்டிகார்னிஸ், சமவெளித் தைலமர வகை. மஞ்சள்பழுப்பாக இருந்தால் கமால்டுலென்சிஸ் எனும் இன்னொரு தைலமர வகை என்று கொள்ளலாம். முளைத்த பிறகு இன்னும் தெளிவாகும். மலை வகை நாற்றுக்குத் தண்டு சதுரம், இலைக்குக் காம்பு இராது. மைசூர் கம்முக்குக் காம்பு உண்டு. மரமானதும் மொட்டு மூடி கொம்புபோல நீளும்.

பொட்டலத்தில் பெரும்பகுதி செம்பழுப்புப் பதர். கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம், காய்க்குள்ளேயே கருவுறாத சூல்கள் விதையோடு கலந்துதான் இருக்கும்.

உண்மையான கோளாறு விதைப்புக் குறிப்பில். ‘அரை அங்குல ஆழத்தில் ஊன்றவும்’ என்கிறது. இவ்வளவு பொடி விதை அந்த ஆழத்திலிருந்து மேலே வராது. இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு சலித்த செம்மண் நிரப்பிய தட்டில், விதையை ஐந்து மடங்கு உலர்மணலோடு கலந்து தூவி, விதை மறையுமளவு மட்டும் மணல் தெளிக்கவேண்டும். பூவாளியில் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுங்கள், அல்லது கைத்தெளிப்பான். ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். நெருக்கமும் ஈரமும் கூடினால் தண்டின் அடி கறுத்து நாற்று சாயும், அதுதான் நாற்றழுகல். நெருக்கமான நாற்றைப் பிடுங்கிக் கலைத்துவிட்டு, காற்றோட்டம் கொடுத்து, தண்ணீரைக் குறைக்கவேண்டும். நான்கு இலை விட்டதும் பைக்கு மாற்றலாம். தை, மாசியில் விதைத்தால் புரட்டாசி மழைக்குக் கன்று தயார். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் புடைப்பு தெரிந்தால் அது இலைக்குள் முட்டையிட்டு வீங்கவைக்கும் கழலைக் குளவியின் வேலை, அந்தக் கன்றை நடாதீர்கள்.

டெல்டா முழுவதற்கும் ஏற்றது என்பதும் அட்டையின் துணிச்சல்தான். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண், மணற்பாங்கு மேட்டு நிலத்துக்குச் சரி. தண்ணீர் நிற்கும் வண்டல் களிமண்ணுக்கு வேண்டாம். நெல் வரப்பில் கூடவே கூடாது, ஈரத்தை உறிஞ்சிப் பக்கத்துப் பயிரைக் காயவைக்கும்.

விதை எடுத்த தேதி எங்கும் இல்லை. நாலைந்து மரம் வேண்டுமென்றால் வாங்கலாம். காகித ஆலைக்கு வெட்டும் தோப்பு என்றால், ஒரே தாய்மரத்தின் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த குளோன் கன்றுதான். விதைக்கன்று ஒன்றுபோல வளராது.